ஜனவரி எட்டுக்கு முன்

டிசம்பர் 28
மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1946-ல் தூக்கில் போடப்பட்ட மில் தொழிலாளிகள் நாலு பேர் பெயரில் கச்சேரி என்றால் வம்பு வருமாம். அவர்கள் ஊரான சின்னியம்பாளையத்திலேயே இப்படி. தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 30
அப்பாவுக்கு ஆக்ஸிஜன் அளவு 89.

ஜனவரி 2
காலியிடம் கிடைத்தது. திறந்த வெளி. மார்கழிப் பனியில் அப்பாவை எப்படி உட்கார வைப்பது?

கல்லூரிப் பையன்களின் பேண்டு, திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா, துடும்பு மேளக் குழு. பஸ் காசு போதும் என்றுவிட்டார்கள். உண்டியலில் விழுவது முழுக்க ஆக்ஸிஜன் மெஷினுக்கு. பழைய மில்காரர்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள, ஒன்றாவது வாங்க வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்
அப்பா மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் வேலை பார்த்தவர். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை பஞ்சுத் தூசிக்குள் போனால்தான் நெஞ்சு ரொம்ப இறுகும் என்பார். நாங்கள் அதைச் சோம்பல் என்று நினைத்தோம். பஞ்சு நோய் அப்படித்தான் தொடங்குமாம், டாக்டர் சொல்லித்தான் தெரியும். அன்றே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பையன்கள் பாட்டை அனுப்பினார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். 1946, கோவை ஜெயில். எல்லாம் இருக்கிறது. மில் அடியாள் கை வைத்த அந்தப் பெண் தொழிலாளி மட்டும் இல்லை. அவளுக்காகத்தானே கோபம் வந்தது, அந்த அடியாள் கொலையானது? போன் போட்டுச் சொன்னேன்.

ஜனவரி 7
அவளுக்கு இன்னும் வரி வரவில்லை. அப்பாவுக்கு 87.

ஜனவரி 8
அவர்களைத் தூக்கில் போட்டு 80 வருஷம்.

பனியில் துடும்புத் தோல் தொய்ந்துவிட்டது, வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். புகை! அப்பாவைப் பார்த்ததும் குழுவின் பெரியவர், நான் வாய் திறப்பதற்குள், "ஐயனுக்கு ஆகாதுங்க" என்று நெருப்பைக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் தள்ளிப் போடச் சொன்னார். துடும்புகளை அங்கே தூக்கிப் போய்க் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். அதற்கே அரைமணி நேரம் தாமதம், யாரும் முணுமுணுக்கவில்லை.

நாலு பேர் பெயருக்கும் கூட்டம் எழுந்து நின்றது. அப்புறம் பனியன் கம்பெனி அக்கா, பாட்டில் இல்லாத ஒரு வரியை மேளமில்லாமல் பாடினார்.

"அது அந்தப் புள்ளைக்கா கண்ணு?" என்றார் அப்பா.

ஆமாம் என்றேன். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "இன்னொருக்கா பாடச் சொல்லு" என்றார்.

ஜனவரி 9
விடியற்காலை 82. ஆஸ்பத்திரி. உண்டியல் பை என் மடியிலேயே இருக்கிறது, இன்னும் எண்ணவில்லை.