முத்துவின் டிரெய்லருக்குப் பக்கவாட்டு நிழல்

முத்து வயதான நாட்டு நாய். தெருவில் பிறந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவன். பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டதால், சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரைக் கட்டி, அதில்தான் திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். தை மாதம் வரை திறந்த வண்டியே போதுமாக இருந்தது. பங்குனி பிறந்ததும் நிழல் தேவைப்பட்டது. கத்திரி தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

நிழல் என்றதும் கூரைதான் நினைவுக்கு வரும். ஆனால் நாங்கள் வெளியே போவது காலையில். எட்டு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. நாயின் முதுகுக்கு மேலே 40 செ.மீ. உயரத்தில் கூரை இருந்தால், அதன் நிழல் சுமார் 70 செ.மீ. மேற்கே தள்ளி விழும். என் டிரெய்லரின் அகலமோ 60 செ.மீ. கூரை இருந்தும் நிழல் முழுவதும் தார்ச்சாலையில் கிடக்கும். முத்து வெயிலில் கிடப்பான். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது. அந்த நாட்களின் நண்பகலுக்குத் தட்டையான கூரை அருமையாக வேலை செய்யும். ஆனால் அந்த நேரத்தில் நாயை வெளியே கொண்டுபோகவே கூடாது. ஆகவே என் கவனம் முழுவதும் பக்கவாட்டுத் திரைக்குப் போனது.

அடுத்தது, எந்தத் துணி? தார்ப்பாய் மலிவு, வெயிலையும் முழுதாக மறைக்கும். ஆனால் காற்றையும் அடைத்துவிடும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தின் மெத்தைப் பகுதியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதால்தான் அது உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றோட்டம் இல்லாத கூண்டுக்குள் அந்த ஈரம் அங்கேயே தேங்கிவிடும், இரைத்துப் பயனில்லை. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அதனால் நாற்றுப் பண்ணைகளில் கட்டும் நிழல்வலையைத் தேர்ந்தெடுத்தேன். 50, 75, 90 சதவீத நிழல் என்று வகை வகையாகக் கிடைக்கிறது. மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். 75 எனக்குச் சரியாக இருந்தது. கையை உள்ளே நீட்டினால் வெயிலின் சுள்ளென்ற கடி இல்லை, கடல் காற்று மட்டும் தடையில்லாமல் வருகிறது.

சட்டத்துக்கு மின்கம்பி ஓட்டும் பிவிசி குழாய். உள்ளே மணல் நிரப்பி, கொதிநீர் ஊற்றி இளக்கி, வளைத்து இரண்டு வில்களாக்கினேன். டிரெய்லரின் நான்கு மூலைகளிலும் சிறு இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, அவற்றில் இந்த வில்களைச் செருகும்படி அமைத்தேன். சாலை மேடுபள்ளங்களில் குழாயும் இரும்பும் உரசிக் கடகடக்காமல் இருக்க, செருகும் முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறேன். முத்துவுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

தையலுக்கு ஆட்டோ ஹூட் தைக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் வலையைத் தரையில் விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே, "ஓரத்தை நேராக வெட்டினால் நடுவில் தொய்ந்து காற்றில் படபடக்கும், சார். உள்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து வெட்டினால் இழுத்துக் கட்டும்போது விறைப்பாக நிற்கும்" என்றார். சொன்னபடியே மூலைக்கு மூலை மெல்லிய பிறைபோல வெட்டினார். ஓரம் முழுக்கக் கட்டில் நாடாவை மடித்து, நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டார். மூலைகளில் கயிறு கோக்கப் பித்தளைக் கண்கள். அந்தக் கையின் வேகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த வளைவால்தான் இன்றைக்கும் எதிரே பஸ் கடந்து போகும்போது வலை படபடக்காமல் நிற்கிறது.

பக்கத்திரையை நிரந்தரமாக ஒரு பக்கம் தைத்துவிடவில்லை. போகும்போது வடக்கு நோக்கிப் போகிறோம், வெயில் வலப்பக்கம் அடிக்கிறது. திரும்பும்போது இடப்பக்கம். ஒரே திரையை வெல்க்ரோவால் இரு பக்கமும் மாற்றி ஒட்டிக்கொள்ளும்படி செய்தேன். கடற்கரையில் வண்டியைத் திருப்பும்போதே திரையையும் மாற்றிவிடுவேன், அதிக நேரம் பிடிப்பதில்லை. திரை இல்லாத பக்கம் திறந்தே இருப்பதால் அவன் மூக்கை வெளியே நீட்டி வாசம் பிடித்துக்கொண்டே வருகிறான். இரு பக்கமும் மூடியிருந்தால் இந்தச் சுகம் அவனுக்குக் கிடைத்திருக்காது. எனக்கு இதில்தான் பெரிய நிறைவு.

மேலே கூரையை இரண்டு அடுக்காகப் போட்டிருக்கிறேன்: உச்சியில் வெள்ளைக் கித்தான், நான்கு விரற்கடை கீழே நிழல்வலை. கித்தான் சூடானாலும் இடைவெளியில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். வலையின் அடிப்பக்கத்தைத் தொட்டால் கை சுடுவதில்லை. கூரையின் உயரத்தை அவன் உட்காரும் அளவோடு நிறுத்திவிட்டேன். இன்னும் உயர்த்தினால் பக்கக்காற்றில் வண்டி சாயப் பார்க்கும். பின்பக்கம் சிவப்பு ஒளிரும் பட்டையை வலைக்கு வெளியே ஒட்டியிருக்கிறேன். திரை போட்டு பின்விளக்கை மறைத்துவிடாதீர்கள்.

தரையையும் கவனிக்க வேண்டும். தார்ச்சாலையின் அனல் கீழிருந்து வருகிறது. பலகையின் மேல் மடித்த கோணிப்பை, அதற்கு மேல் பருத்தித் துணி.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். நிழல் வெயிலைத் தடுக்கும், காற்றின் சூட்டைக் குறைக்காது. நாயின் இயல்பான உடல்வெப்பமே சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகலமாக விரிந்து தொங்கி, ஈறு செக்கச் சிவந்து, எச்சில் கொழகொழவென்று வடிந்தால் அப்போதே வண்டியை நிறுத்தி, மரநிழலில் இறக்கி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மூக்கு சப்பையான இன நாய்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. நாங்கள் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறோம்.

இனி வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மேலுறை வேண்டும். அதே வில்களின் மேல், அதே பித்தளைக் கண்களில் மாட்டும்படி, ஒளி புகும் நெகிழித் தாளில் தைக்கச் சொல்லியிருக்கிறேன். முன்பக்கமும் பின்பக்கமும் காற்று புக விட்டுத்தான்.