பிஸ்கட் டப்பாவில் இருந்த சுகர் மாத்திரை

"சுகர் 268 காட்டுது சார். இன்னைக்கு ஸ்கேன் எடுக்க முடியாது."

பெரம்பூரிலிருந்து விடியற்காலையில் அம்மாவை வெறும் வயிற்றோடு ஆட்டோவில் கூட்டிவந்திருந்தேன். புற்றுநோய் உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவே பத்து நாள் ஆகியிருந்தது. "ஒரு இன்சுலின் ஊசி போட்டு இறக்கிட்டு எடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகவே சொன்னார். ஸ்கேனுக்காக ஏற்றுவதே கதிரியக்கம் கலந்த ஒருவகைச் சர்க்கரைதானாம். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிதந்தால் அது கட்டிக்குள் சரியாகப் போகாது. இன்சுலின் போட்ட கையோடு எடுத்தால் தசைக்குள் போய்விடும், படம் கெட்டுவிடும். 200-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்து அம்மாவுக்கு ரெண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பிறகு 29சி பஸ் பிடித்து வீடு திரும்பினோம். வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

17 வருஷமாக அம்மாவுக்குச் சுகர். மாத்திரையைத் தவறவிட்டதே இல்லை, என்னைத்தான் மறதிக்காரன் என்று திட்டுவார். மார்பில் புற்றுநோய் என்று பயாப்ஸி வந்த பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் கீமோ, ஆபரேஷன், காப்பீடு என்றே ஆகிவிட்டது. சுகர் பற்றி யாருமே பேசவில்லை.

பெட் ஸ்கேனுக்குப் போவதற்கு முன் நடந்த ஒன்று அப்புறம்தான் உறைத்தது. ஊசியில் சாயம் ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, அம்மாவுக்கு கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூட இருப்பதால், சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சாயத்தால் கிட்னி பாதித்தால் அந்த மாத்திரை உடம்பில் தேங்கிவிடும், அதனால் நியாயம்தான். மறுபடி எப்போது தொடங்குவது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா மெட்ஃபார்மினோடு இன்னொரு சுகர் மாத்திரையான கிளிமிபிரைடையும் சேர்த்தே விட்டுவிட்டார்.

கண்டுபிடித்தது நான் இல்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்கா, "ஏம்மா, போன மாசம் குடுத்ததே அப்படியே இருக்கே?" என்று கேட்டார். சமையலறை ஷெல்ஃபில் பழைய பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்தால் பிரிக்காத மாத்திரைப் பட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருந்தார். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை போல.

"ஏம்மா?"

"பெரிய வியாதியே வந்துடுச்சு. இனிமே இதைப் பாத்து என்னடா ஆகப்போகுது."

கோபம் வந்தது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. 2015-ல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு ஒன்றைப் பின்னாளில் படித்தேன். புற்றுநோய் என்று தெரிந்ததுமே சுகர் மாத்திரை எடுப்பது குறைகிறதாம், அதற்குப் பிறகும் மாதாமாதம் இன்னும் சரிகிறதாம். அம்மா மட்டும் இல்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல்.

சுகர் டாக்டர் திட்டவில்லை. சில நாளுக்கு இன்சுலின் போட்டு இறக்கினார். இரண்டாம் முறை ஸ்கேனுக்கும் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் படத்தில் குடல் முழுக்க ஒளிருமாம். இந்தத் தடவை "திரும்ப எந்தத் தேதியில ஆரம்பிக்கணும்?" என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

கீமோ தொடங்கியதும் வேறு கூத்து. வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அது சுகரை ஏற்றிவிடும். காலையில் பார்த்தால் 140, சந்தோஷம். சாயங்காலம் பார்த்தால் 370. வெறும் வயிற்று அளவை மட்டுமே நம்பியிருந்தால் தெரிந்தே இருக்காது. ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களுக்கு மட்டும் காலையில் தனியாக ஒரு இன்சுலின் எழுதிக் கொடுத்தார் சுகர் டாக்டர்.

இன்னொரு ராத்திரி நேர்மாறாக நடந்தது. காலையிலிருந்து வாந்தி, அரை கிண்ணம் கஞ்சிதான் இறங்கியிருந்தது. நான்தான் "டப்பாவுல போட்டு வைக்காதே" என்று வற்புறுத்திக் கிளிமிபிரைடை விழுங்க வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு நைட்டி நனைய வியர்வை, கை நடுக்கம். சுகர் 58. மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 91 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் சாப்பாடு இறங்காத நாளில் நாங்களாக முடிவெடுப்பதில்லை, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டருக்கு போன்.

இப்போது ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு. இடப்பக்கம் புற்றுநோய் மருந்து, வலப்பக்கம் சுகர். என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதுகிறோம். அம்மா கையெழுத்தில் சில நாள் "போட்டாச்சு" என்று மட்டும் இருக்கும், அளவு இருக்காது. அந்த நாட்களில் டப்பாவை ஒருதடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரத்திலிருந்து பாதம் எரிகிறது என்கிறார். கீமோ மருந்தான பக்லிடாக்செல்லும் அப்படிச் செய்யும், சுகரும் செய்யும். புதன்கிழமை காலை ஒரு டாக்டர், மாலை இன்னொரு டாக்டர். நோட்டு ரெண்டு பேரிடமும் போகும்.