பவுனுவைக் குளிப்பாட்டியது பெரிதில்லை, காயவைத்ததுதான் பாடு

எங்கள் நாய் பவுனுவின் இடது காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு முடியைச் சிரைத்த இடம் இன்னும் மூடவில்லை. பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. அது என்னால் வந்த புண். நானே வீட்டில் குளிப்பாட்டுகிறேன் என்று இறங்கினேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன், மூன்றாம் நாள் அது வந்து நின்றது. இரண்டாவது முறை சரியாகச் செய்துவிட்டேன். ஆனாலும் முதல் முறையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். நீளமுடி நாய் வைத்திருக்கும் பலர் அதே தவற்றோடுதான் தன்னிடம் வருகிறார்கள் என்று டாக்டர் சொன்னார்.

பவுனு கோல்டன் ரெட்ரீவர், மூன்று வயது, 29 கிலோ. வழக்கமாகக் குளிப்பாட்டக் கூட்டிப் போகும் இடத்தில் இன்னும் மூன்று வாரத்துக்கு நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளோ வயிறு, வால், நாலு கால் எல்லாம் சேறாக வந்து நிற்கிறாள். நாய் ஷாம்பு வீட்டில் இருந்தது, துண்டு இருந்தது, உதவிக்குத் தங்கை இருந்தாள். போதும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் தவறு, குளிப்பாட்டும் முன் சீவாதது. அழுக்கு முடியைச் சீவுவானேன், குளித்த பிறகு சீவிக்கொள்ளலாம் என்று விட்டேன். பவுனு மாதிரி நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே நீளமான மேல்முடி, அதற்கு அடியில் பஞ்சு போல நெருக்கமான உள்முடி. உதிர்ந்த உள்முடி வெளியே வராமல் அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கும். அதில் தண்ணீர் பட்டு, கையால் வேறு தேய்த்தால், கம்பளி இறுகுவது போல இறுகிவிடும். குளிப்பதற்கு முன் காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் இடுக்கிலும், பின்தொடையிலும் பட்டாணி அளவில் இருந்த சிக்குகள் குளித்து முடித்தபோது கெட்டியான உருண்டைகளாகியிருந்தன. சீப்பின் ஒரு பல்கூட உள்ளே போகவில்லை.

அவசரத்தில் கத்தரிக்கோலை எடுத்தேன். தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வேணாம். எது தோலு, எது முடின்னே தெரியல பாரு." அவள் சொன்னது சரி. சிக்கு இறுகும்போது அடியில் உள்ள மெல்லிய தோலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கத்தரித்தால் தோலும் சேர்ந்து வெட்டுப்பட வாய்ப்பு அதிகம். சிக்கின் அடியை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலில் இழுவை போகாமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். பிரியாத சிக்கைப் பழகியவர்களிடம் கொடுத்து மெஷினால் எடுக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம்.

அடுத்தது தரை. பவுனுவுக்குத் தண்ணீர் என்றால் உயிர், குட்டை கண்டால் இறங்கிவிடுவாள். குளியலறைக்குள் மட்டும் வரமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டாள். தண்ணீருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து இழுத்தோம். உண்மையில் அவள் பயந்தது வழுக்கும் டைல்ஸுக்கு. ஈரத்தில் கால் விரிந்து விரிந்து போனது, உடம்பு முழுக்க நடுக்கம். ஒரு துண்டை விரித்தேன், அது அவள் காலோடு சேர்ந்து நகர்ந்தது. இரண்டாவது முறை ரப்பர் விரிப்பு போட்டதும் தானாக உள்ளே வந்து நின்றாள். முதல் நாள் அவளை இழுத்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

தண்ணீர் ஊற்றினால் நனைந்துவிடும் என்பதும் இந்த முடியில் நடக்காது. மேலே ஊற்றிய தண்ணீர் அப்படியே வழிந்து ஓடும், முடி நனைந்த மாதிரிதான் தெரியும், விரலால் விலக்கிப் பார்த்தால் தோல் உலர்ந்திருக்கும். ஷவரின் கைப்பிடியைத் தோலை ஒட்டியே பிடித்து, இன்னொரு கையால் முடியை விலக்கி விலக்கி நனைக்க வேண்டும். அதற்கே பத்து நிமிடம் ஆகும். தண்ணீர் வெதுவெதுப்பாக, நம் மணிக்கட்டில் பட்டால் சூடு தெரியாத அளவில் இருக்கட்டும்.

ஷாம்பு விஷயத்தில் பாதி சரியாகச் செய்தேன். மனிதர்களின் ஷாம்புவைத் தொடவில்லை. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நமக்காகச் செய்ததைப் போட்டால் அவர்களுக்குத் தோல் வறண்டு அரிக்கும். ஆனால் நாய் ஷாம்புவையே பாட்டிலிலிருந்து நேராக முதுகில் ஊற்றிவிட்டேன். கெட்டியாக ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வயிற்றுக்குக் கொண்டுபோக இன்னும் ஊற்றினேன். அலசத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, நுரை முடியவே இல்லை. கீழே ஓடும் தண்ணீர் தெளிந்ததும் போதும் என்று நிறுத்தினேன். முன்னங்கால் இடுக்கிலும் தொடை நடுவிலும் வழவழப்பு இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை. இப்போது ஒரு காலி பாட்டிலில் ஒரு பங்கு ஷாம்பு, பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து வைத்துக்கொள்கிறேன் (உங்கள் ஷாம்பு பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே கேளுங்கள்). சீக்கிரம் பரவுகிறது, சீக்கிரம் போகிறது. ஷாம்பு தேய்க்க எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு அலசுவதற்கு வேண்டும். ஒரு கொத்து முடியைப் பிழிந்து பாருங்கள். வழுக்கினால் இன்னும் அலச வேண்டும்.

தலையைக் கடைசிக்கு வையுங்கள். தலை நனைந்தால் உடனே உதறத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தடுக்க வேண்டாம், குளித்து முடித்ததும் நன்றாக உதற விடுங்கள். எந்தத் துண்டாலும் அவ்வளவு தண்ணீரை அவ்வளவு வேகத்தில் எடுக்க முடியாது. காதுக்குள் மட்டும் தண்ணீர் போகக் கூடாது. நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி அப்புறம் உள்பக்கமாக வளைவது, உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. காது தொங்கும் நாய்க்கு அங்கே காற்றும் படாது. முகத்துக்கு ஷவர் வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இனி, நான் இதை எழுதக் காரணமான விஷயம்.

குளித்து முடித்தபோது எங்கள் இருவருக்கும் இடுப்பு போய்விட்டது. இரண்டு துண்டுகளால் பரபரவென்று தேய்த்துத் துடைத்தோம். (அப்படித் தேய்த்ததில் இன்னும் நாலு சிக்கு விழுந்தது. துண்டால் அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும்.) வெளியே நல்ல வெயில். ஓடி விளையாடினால் தானாகக் காய்ந்துவிடும் என்று விட்டோம். சாயங்காலம் முதுகைத் தடவிப் பார்த்தேன், பட்டு மாதிரி இருந்தது. காய்ந்துவிட்டாள் என்று முடிவு செய்து, குளியலில் நனைந்திருந்த கழுத்துப் பட்டையையும் அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன்.

காய்ந்தது மேல்முடி மட்டும்தான். உள்முடி ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஈரப் பட்டை வேறு. மறுநாள் அவள் மேல் ஈர நாய் வாசம் அடித்தது. குளித்த நாய்க்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். அன்றைக்கு ஒரு தடவை முடியை விலக்கிப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. மூன்றாம் நாள் காலையில் காதுக்குக் கீழே விடாமல் சொறிந்தாள். காசு அளவுக்கு ஒரு ஈரச் சிவப்பு. எறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தேன். மதியத்துக்குள் உள்ளங்கை அளவாகி, நீர் வடிந்து, முடி ஒட்டிக்கொண்டு, நாற்றம் எடுத்தது. தொட்டால் சுருண்டு கத்துகிறாள். எந்த வலியையும் காட்டிக்கொள்ளாத நாய் அவள்.

டாக்டர் பார்த்தவுடனே "ஹாட் ஸ்பாட்" என்றார். ஈரம் அடைபட்ட தோலில் அரிப்பு வந்து, நாய் சொறியச் சொறிய, அதிலேயே கிருமி பெருகும். சில மணி நேரத்தில் பரவிவிடும். அடர்ந்த முடியுள்ள நாய்களுக்கு, அதிலும் கோல்டன் ரெட்ரீவர்களுக்கு, இது அடிக்கடி வருமாம். சுற்றிலும் முடியைச் சிரைத்து, மருந்துத் தண்ணீரால் கழுவி, மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். கழுத்தில் பத்து நாளைக்குப் பிளாஸ்டிக் கூம்பு. கதவு, நாற்காலி, என் முழங்கால் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திரிந்தாள்.

"குளிப்பாட்டினதுல தப்பு இல்லம்மா, காயவைக்காம விட்டதுதான் தப்பு" என்றார் டாக்டர். பேச்சோடு பேச்சாக, கழுத்தில் விடும் உண்ணி மருந்து எப்போது போட்டீர்கள் என்றும் கேட்டார். குளிப்பாட்டியதற்கு முந்தின நாள். அதுவும் வீண். அந்தச் சொட்டு மருந்து தோலின் எண்ணெயோடு சேர்ந்துதான் உடம்பு முழுக்கப் பரவ வேண்டும். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது, நான் படிக்கவில்லை. முடி முழுவதையும் ஒட்டச் சிரைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். அந்த இரண்டு அடுக்கும் வெயிலிலிருந்தும் அவளைக் காக்கிறது, சிரைத்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளராமல் திட்டுத் திட்டாக வரும் என்றார்.

புண் ஆறி, அவர் சரி என்ற பிறகு, ஐந்து வாரம் கழித்து இரண்டாவது குளியல். இந்த முறை வேலை இரண்டு வாரம் முன்னாலேயே தொடங்கியது. நாய்களுக்கான புளோயர் ஒன்றை வாங்கினேன். சூட்டால் இல்லாமல் காற்றின் வேகத்தாலேயே தண்ணீரைத் தள்ளிவிடும் வகை அது. நாம் தலைக்குப் போடும் டிரையர் சூட்டை ஒரே இடத்தில் காட்டினால் தோல் வெந்துவிடும். புளோயரில் சூடு இல்லை, ஆனால் சத்தம் பயங்கரம். தினமும் அடுத்த அறையில் ஓடவிட்டு, இவளுக்குத் தின்பண்டம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தோம். நாலாம் நாள் அவசரப்பட்டு அறைக்குள் கொண்டுவந்தேன், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். திரும்ப முதலிலிருந்து.

முந்தின நாள் இரண்டு வேளையாக ஒன்றரை மணி நேரம் சீவினேன். வெறுமனே மேலாகப் பிரஷ் போட்டால் மேல்முடிதான் பளபளக்கும். முடியை வகிடு மாதிரி பிரித்து, தோல் தெரிகிறதா என்று பார்த்து, வரிசை வரிசையாகச் சீவ வேண்டும். கடைசியில் உலோகச் சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் ஓட வேண்டும், ஓடினால்தான் குளியல் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். வந்த உள்முடி ஒரு பை நிறைய.

குளியல் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தண்ணீர் போகும் துளையில் வலை வைத்திருந்ததால் அடைப்பும் இல்லை.

காயவைக்க ஒன்றே முக்கால் மணி நேரம். நாலு துண்டால் ஒற்றி எடுத்து, காதில் பஞ்சு வைத்து, பின்தொடையிலிருந்து குறைந்த வேகத்தில் தொடங்கினோம். முகத்துப் பக்கம் போகவே இல்லை. காற்று படும் இடத்தில் முடி பூவாக விரிந்து தோல் தெரியும், அங்கே ஈரம் தெறித்து ஓடும். பாதியில் அவள் படுத்தே விட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இருவரும் வாய் திறக்கவில்லை, எங்கே எழுந்துவிடுவாளோ என்று.

காய்ந்ததா என்று பார்க்க இப்போது முதுகைத் தடவுவதில்லை. விரலை முடிக்குள் விட்டுத் தோலைத் தொடுகிறேன். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. முதுகெல்லாம் கதகதப்பாக இருந்தும் காதுக்குக் கீழேயும், வால் அடியிலும், பின்தொடையிலும் சில்லென்றுதான் இருந்தது. அந்த மூன்று இடத்துக்கு மட்டும் இன்னும் இருபது நிமிடம். காதுப் பஞ்சை மறக்காமல் எடுத்தோம். கழுத்துப் பட்டையை மறுநாள்தான் மாட்டினேன்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. தினமும் காலையில் காதுக்குக் கீழே முடியை விலக்கிப் பார்க்கிறேன். சிரைத்த இடத்தில் குட்டையாக, மற்ற முடியைவிட வெளிறிய நிறத்தில் உள்முடி முளைத்திருக்கிறது. விரல் வைத்தால் கதகதப்பாக இருக்கிறது. பவுனு கண்ணை மூடிக்கொண்டு தலையை என் கையிலேயே சாய்த்துக்கொள்கிறாள்.