திங்கள், வியாழன் நோன்பும் மஃரிபுக்குப் பின் திக்ரும்

சுன்னத்தான (கட்டாயமல்லாத, நபிவழி) நோன்பைத் தொடங்க விரும்புகிறவர்களுக்குத் திங்களும் வியாழனும் போதும். மாதந்தோறும் பிறை 13, 14, 15 சேர்க்கலாம். துல்ஹஜ் 13 மட்டும் கூடாது, அது ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து நோன்பு விலக்கப்பட்ட தஷ்ரீக் நாள்களில் ஒன்று. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) சுன்னத் நோன்புக்கு நிய்யத்தை (நோன்பு வைக்கும் எண்ணத்தை) லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் நுழையும் முன்வரை வைக்கலாம், சுப்ஹு (வைகறை) முதல் எதுவும் உண்ணாமல், பருகாமல் இருந்தால். ஃபர்ளான (கட்டாய) நோன்புக்கு அந்தச் சலுகை இல்லை, இரவிலேயே வைக்க வேண்டும்.

காலைக் காப்பி நின்றதும் வரும் தலைவலியைப் பசி என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் முன்பே அளவைக் குறைத்து வாருங்கள்.

நோன்பு திறக்கும்போது மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. அதற்கு மேல் வடையும் சமோசாவும் ஏறினால் பிறகு செய்யும் திக்ரில் (இறைவன் நினைவை மீண்டும் மீண்டும் சொல்வதில்) கண் சொருகும். வயிறு நிறைந்தால் திக்ர் நாக்கோடு நின்றுவிடுகிறது. சூஃபிகள் பசியை இவ்வளவு மதித்தது இதனால்தான்.

மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) தொழுதபின் ஒளுவோடு (தொழுகைக்கான கழுவுதலோடு) மக்கா திசையான கிப்லா நோக்கி உட்காருங்கள். தரீக்காவுக்குத் தரீக்கா (சூஃபி வழிமரபுக்கு வழிமரபு) முறை மாறும்: காதிரிய்யாவில் பெரும்பாலும் குரலெடுத்து, நக்ஷபந்திய்யாவில் உள்ளுக்குள். தொடங்குகிறவர் மெல்லிய குரலில் 100 முறை ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ (அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை) என்ற கலிமாவைச் சொன்னால் போதும். ‘லா இலாஹ’வில் மற்றதெல்லாம் விலகட்டும், ‘இல்லல்லாஹ்’ இடப்பக்கம் இதயத்தில் இறங்கட்டும். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் மூச்சு வேகமாகித் தலை சுற்றும். அப்போது நிறுத்தி, இயல்பாக மூச்சுவிட்டு, மெதுவாகத் தொடருங்கள். மூச்சை அடக்கிச் செய்யும் முறைகளை ஷெய்கு (வழிகாட்டும் குரு) பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.