குளிர விட்டுத்தள்ளுங்க, உப்பப் பாருங்க

யுபிஎஸ்சி மெயின்ஸ்ல ஜியாகிரபிய ஆப்ஷனலா, அதாவது விருப்பப் பாடமா, எடுத்திருக்கவங்களுக்கு இது. துருவக்கடல் பத்தி ஒரு டெஸ்ட்ல கேட்டாங்க, நானும் "குளிர்ந்த தண்ணி கனம், அதனால மூழ்கும்"ங்கற ஒத்த வரிய 150 வார்த்தைக்கு இழுத்துட்டு வந்துட்டேன். திருத்துன சார் ஓரத்துல "அப்ப ஆர்க்டிக் ஏன் மூழ்கல?"னு சிவப்புல எழுதி 10க்கு 2 போட்டிருந்தாரு. செம கடுப்பு, ஆனா அந்த ஒரு கேள்விதான் என்னைய படிக்க வெச்சுது.

அவ்ளோ குளிர்ல தண்ணியோட கனத்த முடிவு பண்றது பெரும்பாலும் உப்புதான். அங்க ஆவியாகிப் போறத விட காத்து கொண்டாந்து கொட்டுற மழையும் பனியும் அதிகம், அதனால மேல உப்பு கம்மியான லேசான தண்ணி மூடி போட்ட மாதிரி நின்னுடும். ஆர்க்டிக்ல இதோட ஆத்துத் தண்ணியும் சேருது. உலகக் கடல் தண்ணில ஆர்க்டிக்கோட பங்கு 1 சதவீதம் தான், ஆனா உலக ஆறுங்க கொட்டுறதுல சுமார் 10 சதவீதம் அங்க போகுது, அப்புறம் எங்கேர்ந்து மூழ்குறது!

அடுத்தது காத்து. மேல் தண்ணி காத்து அடிக்கிற திசைக்கு நேரா போகாம பக்கவாட்டுல விலகிப் போகும், அதுக்குப் பேரு எக்மன் நகர்வு. அதுல வலதா இடதான்னு எனக்கு எப்பவும் குழப்பம். எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் போற மாமா ஒருத்தர் "சோழகம் (தெக்கேர்ந்து வர்ற காத்து) அடிச்சா கரையோரம் தண்ணி சில்லுன்னு ஆயிடும்டா"ன்னாரு, அப்பதான் பிடிபட்டுச்சு. காத்து கரையோரமா வடக்க போகுது, மேல் தண்ணி அதுக்கு வலது பக்கம், அதாவது நடுக்கடலுக்கு நகருது, அந்த எடத்துக்கு அடிலேர்ந்து குளிர்ந்த தண்ணி ஏறுது. தெற்கு அரைக்கோளத்துல இதையே இடதுன்னு மாத்திக்கங்க. அண்டார்டிகாவ சுத்தி மேற்கேர்ந்து அடிக்கிற மேலைக்காத்து மேல் தண்ணிய வடக்க தள்ளும், ஆழத்துத் தண்ணி மேல வரும். கரையோரத்துல கதையே வேற, பனி மேட்டுலேர்ந்து சரிவா எறங்குற கட்டபாட்டிக் காத்து புதுசா உறைஞ்ச ஐஸ கடலுக்குள்ள தள்ளிவிடும், தெறந்த தண்ணி திரும்ப உறையும், உறையும்போது உப்ப வெளிய விட்டுடும், அந்த உப்புத் தண்ணிதான் கனமாகி அடிக்குப் போகுது. 'மூழ்கும்'ங்கற வார்த்தைய இங்க எழுதுங்க, மார்க் விழும்.

பதிலோட இன்ட்ரோவுக்கு நார்வே நாட்டு துருவப் பயணி நான்சென் போதும்: 1893-96ல ஃப்ராம் கப்பல்ல போனப்ப ஐஸ் காத்துக்கு நேரா போகாம வலது பக்கம் 20-40 டிகிரி விலகுறத பாத்தாரு, அதுக்கு கணக்கு போட்டவரு எக்மன், 1905ல.

மேப்ப தென் துருவத்துக்கு மேலேர்ந்து பாக்குற மாதிரி வரைஞ்சு பழகுங்க, அதுல எந்தப் பக்கம் வெளிய போனாலும் வடக்குதான். அடுத்த டெஸ்ட்ல 5½ வந்துச்சு. அரை மார்க் எங்க போச்சுன்னு பாத்தா, ஒரு அம்புக்குறிய வலது பக்கம் போட்டு வெச்சிருக்கேன்.