அம்மா அப்பா மியூனிக் வருகிறார்களா?

ஜெர்மனியின் மியூனிக்கில் வேலை பார்க்கும் தமிழர்கள் வீட்டில் கோடை என்றால் ஊரிலிருந்து பெற்றோர் வரும் காலம். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம் என்பதால் பெரும்பாலும் மூன்று மாதக் கணக்கில்தான் வருகிறார்கள். எங்கெங்கே கூட்டிப்போவது என்று எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். ஆனால் வந்தவர்கள் திண்டாடுவது கோட்டையிலோ ஏரிக்கரையிலோ இல்லை. வார நாளில் நாம் ஆபீஸ் போன பிறகு, வீட்டிலும் தெருவிலும் ரயிலிலும்தான். அதனால் அந்தப் பகல் பொழுதுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெட்டி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. அதாவது, அம்மா உருக்கி எடுத்த நெய்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் அனுமதி இல்லை. கருவாட்டுக்கு உண்டு, ஆளுக்கு 20 கிலோ வரை! பக்கத்து சீட்காரர் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். பழம், காய், இலை எதுவானாலும் பச்சையாகக் கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழமும் கறிவேப்பிலையும் ஊரிலேயே இருக்கட்டும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் வடகம் தாராளமாக வரலாம்.

வந்து இறங்கிய அன்றே சொல்லித்தர வேண்டியது வாசல் கதவு. இங்கே அடுக்ககக் கதவுகளில் பெரும்பாலும் வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது, அசையாத ஒரு குமிழ்தான் இருக்கும். சாத்தினால் பூட்டிக்கொள்ளும். சாவி இல்லாமல் திறக்க முடியாது. என் மாமியார் ஒரு நாள் காலை குப்பையைப் போட்டுவிட்டு வரலாம் என்று நைட்டியோடு, செருப்பு மாட்டிக்கொண்டு கீழே போனார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. போன் உள்ளே, சாவி உள்ளே, அடுப்பில் இட்லி. எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, மாமியாருக்கு ஜெர்மன் தெரியாது. இருந்தும் அந்தப் பாட்டி இவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, தபால்பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்து, வீட்டு நிர்வாகிக்குப் போன் போட்டு, அவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது இட்லிப் பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்திருந்தது. பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டிருந்தால் சில நூறு யூரோ போயிருக்கும். அதனால் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். உதிரிச் சாவி ஒன்று நண்பர் வீட்டில் இருக்கட்டும். கதவின் உட்பக்கம் சாவியைச் செருகி விட்டுவிடக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள். பல பூட்டுகளில் அப்படி இருந்தால் வெளியிலிருந்து இன்னொரு சாவி போட்டாலும் திறக்காது.

தாளிக்கும்போது படுக்கையறைக் கதவு மூடியிருக்க வேண்டும். அந்த அறைகளிலும் நடைவழியிலும் புகை அலாரம் கட்டாயம். வரமிளகாய்க்கும் தீ விபத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மற்ற நாளிலும் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இரவு எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். ஆகஸ்ட் 15 இங்கேயும் விடுமுறை. காரணம் நம் சுதந்திரம் அல்ல, மேரி மாதா விண்ணேற்புத் திருநாள். அன்றும் பால் கிடைக்காது. அவசரம் என்றால் பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்கும்தான் கதி. ஞாயிறன்று கண்ணாடி பாட்டில்களைத் தெருத்தொட்டியில் போடவும் கூடாது. சத்தம் கேட்டு ஜன்னல் திறக்கும், அப்புறம் வசவும் வரும்.

பாட்டில் என்றதும் இன்னொன்று. தண்ணீர், குளிர்பானம் வாங்கும்போது ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் டெபாசிட் சேர்த்துத்தான் பில் வரும். காலி பாட்டிலை சூப்பர்மார்க்கெட் மெஷினில் போட்டால் சீட்டு வரும், கவுண்டரில் காசு தருவார்கள். நம் ஊர் பாட்டிலில் 'உபயோகித்தபின் நசுக்கவும்' என்று எழுதியிருக்கும், அப்பாக்கள் அதை வேதவாக்காக எடுத்து நசுக்கிவிடுவார்கள். நசுங்கிய பாட்டிலை மெஷின் துப்பிவிடும். குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கிறது, அதைப் பழக்கிவிட்டால் இந்தப் பாடே இல்லை.

இனி ரயில். விமான நிலையத்துக்குப் போகும் எஸ்-1 என்ற புறநகர் ரயிலைப் பற்றி எல்லோருக்கும் சொல்லுங்கள். நொய்ஃபார்ன் நிலையத்தில் அது இரண்டாகப் பிரியும். பின்பகுதி விமான நிலையத்துக்கு, முன்பகுதி ஃப்ரைசிங் ஊருக்கு. பெட்டியோடு முன்னால் ஏறி உட்கார்ந்தவர்கள் விமானத்தைக் கோட்டைவிட்ட கதை இந்த ஊரில் நிறைய உண்டு. ரயில் பெட்டியில் இருக்கும் பலகையில் போகும் இடத்தைப் பார்த்து ஏற வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றால் எஸ்-8, அது பிரியாது.

ஸ்டேஷனில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, நேராக நடந்து போய் ஏறலாம். அதனால் டிக்கெட் கேட்க ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. சில டிக்கெட்டுகளை வாங்கினால் மட்டும் போதாது, நீல நிற மெஷினில் விட்டு முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்தான். வயதானவர், வெளிநாட்டுக்காரர் என்று யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மூன்று மாதம் இருப்பவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு லாபம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். அதிவேக ஐசிஇ-யில் ஏறக் கூடாது. மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஆகவே ஊருக்குத் திரும்பும் மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிடுங்கள். குடும்பமாக ஒரு நாள் மட்டும் சுற்றுவதானால் பவேரியாவுக்கான பையர்ன் டிக்கெட் போதும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும். வார நாளில் காலை ஒன்பதுக்கு முன்னால் செல்லாது. பயணிகள் பெயரைப் பேனாவால் எழுதச் சோம்பல்படாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவர்களை உணவகத்துக்குக் கூட்டிப்போய், சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருப்பதைவிட பீர் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கஷ்கொட்டை மரநிழலில் நீள பெஞ்சுகள், குழந்தைகளுக்கு விளையாட இடம், தாத்தா பாட்டிகள் கூட்டம். முக்கியமான சங்கதி, சாப்பாட்டை நாமே கட்டிக்கொண்டு போகலாம். 1812-இல் பவேரிய அரசர் முதலாம் மாக்சிமிலியன், பீர் காய்ச்சுபவர்கள் தங்கள் பீர் சேமிக்கும் நிலவறைகளின் தோட்டத்தில் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று ஆணையிட்டார். பக்கத்து விடுதிக்காரர்கள் வியாபாரம் போகிறதென்று புலம்பியதுதான் காரணம். வந்தவர்கள் கையில் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. துணி விரிக்காத மேசையில் உட்கார வேண்டும், பானத்தை மட்டும் அங்கே வாங்க வேண்டும். பீர்தான் என்றில்லை, ஆப்பிள் சாறும் கிடைக்கும். நாங்கள் புளியோதரையும் அப்பளமும் பிரித்தபோது பக்கத்தில் இருந்தவர் தன் முள்ளங்கித் துண்டுகளை நீட்டினார். அப்பா பதிலுக்கு அப்பளம் கொடுத்தார்.

மருந்தை மூன்று மாதத்துக்கும் சேர்த்து, சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பாராசிட்டமால்கூட சூப்பர்மார்க்கெட்டில் விற்க மாட்டார்கள், சிவப்பு 'ஏ' எழுத்துப் போட்ட மருந்துக்கடையில்தான். விசாவுக்கு எடுக்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஆனால் பழைய சர்க்கரை, இதயக் கோளாறுக்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது. உயிருக்கு ஆபத்தென்றால் 112. இரவில் காய்ச்சல் மாதிரி என்றால் 116117. இரண்டையும் ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

திரும்பும்போது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்கிய பொருளுக்கு மதிப்புக்கூட்டு வரியைத் திரும்ப வாங்கலாம். கடையிலேயே அதற்கான படிவம் கேட்டு வாங்குங்கள். விமான நிலையச் சுங்கத்தில் பொருளைக் காட்டினால்தான் முத்திரை போடுவார்கள். ஆகவே அம்மா வாங்கிய பிரஷர் குக்கரை, இங்கே அது கொள்ளை விலை என்றாலும் கேட்க மாட்டார், பெட்டியின் அடியில் புடவைக்குள் சுற்றி வைக்காமல் மேலாக வைக்கச் சொல்லுங்கள்.