ஸ்காபரோவில் பெயின்ற் வேலை: 2024 குறிப்புகள்

மார்ச் 4

கனடாவில், ஒன்ராறியோ மாகாண வணிகப் பதிவேட்டில் என் பெயின்ற் தொழிலுக்குப் பெயர் பதிந்தாயிற்று. எல்லாம் இணையத்திலேயே முடிந்தது. 60 டொலர், ஐந்து வருடம் செல்லும். பதிய ஆன நேரத்தைவிடப் பெயருக்கு அடிபட்ட நேரம்தான் அதிகம். அம்மா மானிப்பாயில் இருந்து வட்ஸ்அப்பில் மருதடிப் பிள்ளையார் பெயர்தான் வைக்க வேண்டும் என்று ஒரே பிடி. மனைவியோ, போனில் ஒருதரம் கேட்டதும் எந்த நாட்டுக்காரரும் எழுதக்கூடிய பெயராக இருக்க வேண்டும் என்றாள். மனைவிதான் வென்றாள். பிள்ளையாருக்கு வானின் டாஷ்போர்டில் இடம் கொடுத்திருக்கிறோம்.

மின்வேலைக்கும் குழாய் வேலைக்கும் இங்கே சான்றிதழ் இல்லாமல் கை வைக்க முடியாது. பெயின்ற் அடிக்க அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு ஏணியும் இரண்டு பிறஷும் வைத்திருக்கிற ஆள் நாளைக்கே தொழிலில் இறங்கலாம், இறங்கியும் இருக்கிறார்கள், நானும் அந்தக் கூட்டத்தில்தான். ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை என்று முடிவெடுத்து இருபது லட்சம் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். அம்மாவிடம் தொகையைச் சொன்னதும் "ஐயோ, அவ்வளவு காசுக்கு எங்கையடா போறது" என்று பயந்துவிட்டார். அது நான் கட்டுகிற காசு இல்லை என்று விளங்கப்படுத்தவே போன் சார்ஜ் இறங்கிவிட்டது.

மார்ச் 9

மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸ். மூன்று அறை, ஹோல், படிக்கட்டு. அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு நேரே விலைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு ஆள் ஆயிரத்தெண்ணூறுக்குச் செய்யிறன் எண்டவர். நீர் எவ்வளவு எடுப்பீர்?"

டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சரித்துப் பிடித்துக் காட்டினேன். நேரே பார்த்தால் நல்ல சுவர்தான், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் முழுக்க மொட்டு மொட்டாகக் கிடந்தது. இங்கத்தைய வீடுகளுக்கு உள்ளே மரச்சட்டம். குளிர்காலம் முழுக்க ஹீற்றர் ஓட உள்காற்று காய்ந்து மரம் சுருங்குகிறது, டிரைவோல் என்கிற ஜிப்சம் பலகையைப் பிடித்திருக்கும் ஆணியின் தலை வெளியே தள்ளுகிறது. அதற்கு மேலே பெயின்ற் அடித்தால் படம் எடுத்துப் போட நல்லாய்த்தான் இருக்கும், அடுத்த குளிருக்குத் திரும்ப முழிக்கும். பக்கத்தில் புது ஸ்குறூ இறுக்கி, பழைய ஆணியைக் கழற்றி, பூசி, காயவிட்டு, தேய்த்து, அந்தப் பொட்டுக்கு மட்டும் பிறைமர் என்கிற அடிப்பூச்சு வைத்து, அதற்குப் பிறகுதான் றோலரைத் தொட வேண்டும். 2012, 13இல் வன்னியில் இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பிய நேரம் மாமாவோடு திரிந்து பழகிய கை என்னுடையது. அங்கே சீமெந்துச் சுவர் இப்படி ஓடி விளையாடாது. வெடிப்பு வந்தால் புட்டி வைத்து அரத்தாள் போட்டுத் தேய்த்தால் சரி.

3,200 என்றேன்.

"கூடவாக் கிடக்கு தம்பி. எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதே?"

பெயின்ற் அடிக்கிற கூலியை ஒரு வரியாகவும் சுவர் திருத்துகிற கூலியை இன்னொரு வரியாகவும் பிரித்து எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வரி வேண்டாம் என்றால் வெட்டலாம் அக்கா, ஆனால் "ஆணித்தலைகள் திருத்தப்படவில்லை" என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன் என்றேன். கணவரோடு கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மார்ச் 12

மல்வேர்ன் அக்கா ஓம் என்றார். 3,000. இரண்டு வரியும் இருக்கிறது.

மார்ச் 15

மச்சான் கேட்கிறான், எங்கட ஆக்களுக்குள் எதற்குத் தாளும் கையெழுத்தும் என்று. எங்கட ஆக்கள் என்பதால்தான். முந்திய முதலாளியிடம் இரண்டு வருடம் வாய்ப்பேச்சில் வேலை செய்து கடைசி மாதச் சம்பளத்தை இன்னும் வாய்ப்பேச்சிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதைவிட, வீட்டில் வைத்துப் பேசுகிற வேலை 50 டொலரைத் தாண்டினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கத்தைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அந்த ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் வீட்டுக்காரர் காரணம் சொல்லாமலே கைவிடலாம். மதிப்பீடு என்று ஒரு தொகை எழுதினால் கடைசியில் அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்கவும் முடியாது. அதனால் அளவெடுக்கிற அன்றே எல்லாம் பார்த்துவிட வேண்டியிருக்கிறது. அலுமாரியை இழுத்துப் பின்பக்கம் பார்க்கிறேன் என்று சிலருக்குக் கோபம்.

ஏப்ரல் 8

சூரிய கிரகணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்தார்கள். மார்க்கம் நகரில் ஒரு வீட்டுப் படிக்கட்டுச் சுவர் அடித்துக்கொண்டிருந்தேன், மூன்று இருபதளவில் ஏழு மணி மாதிரி இருண்டது. முகில் மூடிச் சூரியனைக் காணவில்லை. அந்த வீட்டுச் சின்னவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழுதான். ஈர விளிம்பு காயமுதல் அடுத்த றோலர் ஓட வேண்டும், அதனால் லைட்டைப் போட்டுவிட்டுத் தொடர்ந்தேன்.

ஏப்ரல் 19

இன்றைய வேலையைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இது நம்மவர் வீடுகளில் திரும்பத் திரும்ப வரப்போகிற வேலை.

சாமி அறை. அறை என்று சொன்னாலும் பழைய உடுப்பு அலுமாரி இடம்தான், கதவைக் கழற்றிவிட்டுப் படங்கள் வைத்திருக்கிறார்கள். விளக்கும் கற்பூரமும் எரிந்து மேலே சீலிங்கில் ஒரு கறுத்த வட்டம். முன்னர் இரண்டு பேர் வெள்ளை அடித்தார்களாம், மாதக் கணக்கில் இல்லை, கிழமைக் கணக்கில் மஞ்சளாக எழும்பி வந்துவிட்டதாம். புகைக்கறை தண்ணீர் பெயின்ற்றுக்கு அடங்காது, எத்தனை கோட் அடித்தாலும் ஊறி மேலே வரும். முதலில் ரீஎஸ்பி என்கிற கழுவுதூள் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும். ஸ்பொஞ்சைப் பிழியப் பிழியக் கோப்பி நிறத்தில் இறங்கியது. காய்ந்ததும் ஷெலாக் (அரக்கு) பிறைமர் ஒரு கோட், அதற்கு மேலேதான் சாதாரண சீலிங் பெயின்ற். ஷெலாக் ஸ்பிரிற்றில் கரைத்தது, மணம் தலையைப் பிளக்கும், யன்னல் எல்லாம் திறந்துவிட்டு முகமூடியோடு நின்றேன். ஆனால் முக்கால் மணித்தியாலத்தில் காய்ந்து மேல் கோட்டுக்குத் தயார். இந்த வேலைக்கு அதற்கு ஈடாக வேறொன்றை நான் காணவில்லை.

தொடங்குமுன் வீட்டு அன்ரி வாசலில் மறித்தார். "தம்பி, இண்டைக்கு மச்சம் சாப்பிட்டனீரோ?"

வெள்ளிக்கிழமை, மீனோ இறைச்சியோ சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தால் வேலை சனிக்கோ ஞாயிறுக்கோ போயிருக்கும். இனிச் சாமி அறை இருக்கிற வீடென்றால் முதலே நாள் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

குசினியும் இப்படித்தான். அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும் தாளித்த எண்ணெய் ஒரு தோலாகப் படிந்திருக்கும், விரலை இழுத்தால் கோடு விழும். கழுவாமல் அடித்த பெயின்ற் நகத்தால் கிண்ட உரிந்து வரும். கழுவுகிற கூலியைத் தனி வரியாகப் போடுகிறேன். "என்ர வீடு துப்பரவு இல்லையெண்டு சொல்லுறீரோ" என்று ஒரு மாமி முகம் சுழித்தார். இல்லை மாமி, நீங்கள் நல்லாய்ச் சமைக்கிறீர்கள் என்று அர்த்தம் என்றேன். சிரித்துவிட்டுச் சோறு தந்தார். வரியை வெட்டவில்லை.

மே 18

இராத்திரியிலும் பத்துப் பாகைக்குக் கீழே போகாத நாட்கள் தொடங்கிவிட்டன. வெளிவேலைக்கு இனி ஒக்ரோபர் வரைதான். இரண்டு பாகையிலும் அடிக்கலாம் என்று வாளியில் எழுதியிருக்கிற பெயின்ற்றும் இருக்கிறது, ஆனால் அடித்த பிறகு இராத்திரி எவ்வளவு இறங்கும் என்பதுதான் கணக்கு.

முதல் வெளிவேலை ஒரு பழைய பங்களோ. ஸ்காபரோவில் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கட்டின இந்தச் சின்ன வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. 1960க்கு முந்திய வீடென்றால் பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் யன்னல் சட்டத்தை உலரத் தேய்க்கவில்லை, நனைத்து நனைத்துச் சுரண்டி, கீழே பிளாஸ்ரிக் விரித்து, விழுந்த செதிலை எல்லாம் சேர்த்துக் கட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தை புல்லில் தவழ்கிறது.

அதே வீட்டில் உள்கதவுகள். ஒன்றில் கலண்டர் தொங்கின இடம் மட்டும் நல்ல மஞ்சள், சுற்றிவர வெள்ளை. எண்ணெய்ப் பெயின்ற் என்று அப்போதே விளங்கியது, வெளிச்சம் படாத இடத்தில்தான் அது மஞ்சளாகும். உறுதிப்படுத்தத் துணியில் மெதைல் ஹைட்ரேற் என்கிற ஸ்பிரிற்றை நனைத்துத் தேய்த்தேன், ஒன்றும் கரையவில்லை. தண்ணீர் பெயின்ற் என்றால் துணியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எண்ணெய்க்கு மேலே நேரடியாகத் தண்ணீர் பெயின்ற் அடித்தால் தோல் மாதிரி உரியும். தேய்த்து, ஒட்டுகிற பிறைமர் போட்டு, பிறகுதான் நிறம். கதவுக்கு இவ்வளவு காசா என்று கேட்டவருக்குத் துணியைக் காட்டினேன்.

ஜூன் 11

வீடு விற்றுக்கொடுக்கிற முகவர் அண்ணை ஒருவர் கூப்பிட்டார். நல்ல மனிசன், நிறைய வேலை வைத்திருக்கிறார். முழு வீடும் ஒரே வெள்ளை, இரண்டு நாளில், ஏனென்றால் மூன்றாம் நாள் படம் எடுக்க ஆள் வரும். தளபாடம் கொண்டுவருகிறவர்கள் நான் படிக்கட்டில் நிற்க நிற்க சோபாவைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.

இதில் ஒரு சிக்கல். குடியிருக்கிறவர் தானே கூப்பிட்டுத் தன் வீட்டைத் திருத்தச் சொல்கிற வேலையை மட்டும் தனியாளாகச் செய்தால் வேலையிட விபத்துக் காப்பு, அதுதான் டபிள்யூஎஸ்ஐபி, எனக்குக் கட்டாயமில்லை. கட்டட வேலைக்காரர் மற்ற எல்லோருக்கும் 2013இலிருந்து கட்டாயம். அண்ணை என்னைக் கூப்பிட்டு அண்ணையே காசு தந்தால் நான் அந்த விலக்குக்குள் வரமாட்டேன், வாடகைக்கு விட்ட வீடுகளும் அப்படித்தான். அண்ணைக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. "மற்றவை ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்ல" என்றார். டபிள்யூஎஸ்ஐபி கணக்கைத் திறந்துவிட்டேன், அந்தச் செலவையும் விலைக்குள் போட்டேன்.

ஜூலை 17

நேற்றைய மழை. விமான நிலையத்தில் 98 மில்லிமீற்றருக்குக் கிட்டப் பெய்ததாம், டொன் வாலி நெடுஞ்சாலையில் கார்கள் தண்ணீரில் நின்றன. காலையிலிருந்து போன் ஓயவில்லை, எல்லாம் பேஸ்மென்ற். கறையை மறைத்து அடித்துத் தா என்கிறார்கள். சுவருக்குள் ஈரம் கிடக்க மேலே மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் கீழ்ப்பகுதி டிரைவோலை வெட்டி எடுத்துக் காயவிடுங்கள், ஓகஸ்ட்டில் வருகிறேன் என்று எல்லோரிடமும் ஒரே பாட்டு.

ஓகஸ்ட் 23

ஏஜாக்ஸில் புது வீடு, குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று, விடிய ஐந்தரைக்குப் பால் காய்ச்ச வேண்டும். கட்டினவர்கள் அடித்துக் கொடுத்தது மெல்லிய, பளபளப்பில்லாத மட் பெயின்ற், கை பட்டால் அடையாளம், துடைத்தால் பெயின்றே துணியில் வரும். எந்த வாடிக்கையாளரும் திகதி தள்ள ஒத்துக்கொள்வார், முகூர்த்தத்தை ஐயரே தள்ள மாட்டார். இரவு பதினொன்றரைக்கு முடித்தேன். வாழைமரம் கட்ட வந்தவர்கள் ஈரக் கதவு நிலையில் கயிற்றைச் சுற்றப் போனார்கள், கத்தின கத்தலில் தெருவே விழித்திருக்கும்.

செப்டெம்பர் 14

சீலிங்கில் சோளப்பொரி மாதிரி கரடுமுரடாக அடித்திருப்பதைச் சுரண்டி மட்டமாக்கித் தர முடியுமா என்று ஒருவர். வீடு 1974. அந்தக் காலத்துக் கலவையில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், ஆய்வுகூடத்தில் சோதித்த தாள் வராமல் தொடமாட்டேன் என்றேன். வேறு ஆள் நாளைக்கே வந்து சுரண்டுகிறாராம். போகட்டும். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

ஒக்ரோபர் 5

மனைவி சாப்பாட்டு மேசையில் பில்களைப் பரப்பிக் கூட்டினாள். செப்டெம்பர் காலாண்டோடு வரவு 30,000 டொலரைத் தாண்டிவிட்டது. இலாபம் இல்லை, வரவு, பெயின்ற் வாங்கின காசும் அதற்குள்தான். நான்கு காலாண்டுக்குள் அந்தக் கோட்டைத் தாண்டினால் விற்பனை வரி அறவிட வேண்டும், எனக்கு அது நவம்பர் முதலாம் திகதியிலிருந்து. 13 வீதம். நான் வாங்குகிற பெயின்ற்றுக்கும் டீசலுக்கும் கட்டுகிற வரியை அதில் கழிக்கலாம், வீட்டுக்காரருக்கு அப்படிக் கழிக்க ஒன்றுமில்லை. 3,000 டொலர் வேலை அவருக்கு 3,390.

நவம்பர் 9

எதிர்பார்த்ததுதான். "காசாத் தாறன், பில் வேண்டாம், அந்தப் பதின்மூண்டை விடும்." இந்தக் கிழமை கேட்டவர்கள் எல்லோருமே இதைத்தான் கேட்டார்கள். பில் இல்லாத வேலைக்கு என் இன்சூரன்ஸும் இல்லை, பெயின்ற் உரிந்தால் என்னைப் பிடிக்க உங்களிடம் தாளும் இல்லை என்று சொல்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள், சிலர் போனை வைக்கிறார்கள். மச்சான் எனக்கு விசர் என்கிறான்.

நவம்பர் 20

தபால்காரர் வேலைநிறுத்தம், பதினைந்தாம் திகதியிலிருந்து. வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் 1,450 டொலருக்குச் செக் அனுப்பினவர், அது எங்கேயோ மூட்டைக்குள் கிடக்கிறது. பாட்டிக்குப் போனில் காசு அனுப்பத் தெரியாது, எனக்குக் கேட்க மனமில்லை.

சித்தியின் மகன் உதவிக்கு வருகிறான். படிக்க வந்த பெடியன், இந்த மாதம் எட்டாம் திகதியிலிருந்து வாரம் 24 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். அவனைச் சம்பளத்துக்கு எடுத்ததும் பத்து நாளுக்குள் டபிள்யூஎஸ்ஐபிக்கு அறிவிக்க வேண்டும், அதையும் போட்டாயிற்று. இன்று சீலிங் விளிம்பு வெட்ட, அதாவது சுவரும் சீலிங்கும் சேர்கிற கோட்டில் பிறஷால் நேராக அடிக்க, பழக்கினேன். இரண்டரை அங்குலச் சரிவுப் பிறஷ், மயிரில் மூன்றிலொரு பங்கை மட்டும் பெயின்ற்றில் தோய்த்து, வாளியின் உள்பக்கம் இரண்டு பக்கமும் தட்டி (வழிக்கக் கூடாது, வழித்தால் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது), கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வைத்துப் பரப்பி, இரண்டாவது இழுவையில்தான் கோட்டைத் தொட வேண்டும். அவன் கோட்டிலேயே தொடங்குகிறான், கை நடுங்குகிறது, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கிறான். மாஸ்கிங் ரேப் ஒட்டித் தாங்கோ அண்ணை என்கிறான். ரேப் இல்லை என்றேன்.

டிசம்பர் 6

இரவில் வானில் பெயின்ற் விட முடியாது, உறைந்தால் திரிந்த பாலாகிவிடும். வாளிகள் எல்லாம் இப்போது எங்கள் குளியலறையில். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, வாடகைக்கு ஒரு களஞ்சிய அறை பார்த்த விளம்பரத்தை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறாள். திங்களிலிருந்து பிக்கரிங்கில் இரண்டு பேஸ்மென்ற், இரண்டும் பில்லோடு.